போக் டவுன்: 'தடைபடுதல்' வேண்டாம், 'காலாழ்தல்' என்போமா?

வணக்கம்.

திட்ட மேலாண்மைச் சொற்பட்டியலில் 'போக் டவுன்' (bog down: சிக்கிக்கொண்டு மேலே நகர முடியாமல் போவது) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் 'தடைபடுதல்' போதும் என்று ஐயா எழுதியிருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. தடை என்றால் குறுக்கே ஏதோ ஒன்று நிற்க வேண்டும். 'ஹோல்ட் அப்' (hold up: மறித்து நிறுத்துவது) போன்றவற்றுக்கு அது சரி. 'போக்' என்பதோ சதுப்பு நிலம். மென்மையைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. இங்கே வழியை யாரும் மறிக்கவில்லை. காலடி மண்தான் தாங்கவில்லை.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் நவம்பர் மழைக்கு இதைக் கண்ணால் பார்க்கலாம். செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை ஏற்றிய லாரி மண் பாதையில் இறங்கிவிடும். முடுக்க முடுக்கச் சக்கரம் இன்னும் கீழேதான் போகும். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்க வேண்டும். தாமதித்தால் கொழுப்பு அமிலம் கூடி எண்ணெயின் தரம் கெடும். அந்த அவசரத்தில் யாரும் 'லாரி தடைபட்டது' என்று சொல்லிக் கேட்டதில்லை. 'லாரி பொதஞ்சிருச்சு' என்பார்கள். முயற்சியே மேலும் அழுத்துகிறது பாருங்கள், அதுதான் இந்தச் சொல்லின் உயிர்.

'புதைதல்' என்றே வைக்கலாம்தான். ஆனால் 'திட்டம் புதைந்தது' என்றால் செத்தே போனதாகத் தொனிக்கிறது. புதைந்த லாரியை டிராக்டர் கட்டி இழுத்துவிடலாமே!

அப்புறம்தான் குறளின் இடனறிதல் அதிகாரம் நினைவுக்கு வந்தது. வேல் வீரரையே எதிர்த்த களிறும் 'காலாழ் களரில்' சிக்கினால் நரி கொன்றுவிடும் என்கிறது 500ஆம் குறள். கால் ஆழும் சேற்று நிலம்! கணினிக்கும் குழுவுக்கும் ஏது கால் என்று கேட்பீர்கள். அதே அதிகாரத்தில் 496ஆம் குறளில் வரும் 'கால்வல் நெடுந்தேர்' என்பதில் கால் என்றால் சக்கரம். யானைக்கும் தேருக்கும் பொருந்திய சொல் நம் லாரிக்கும் பொருந்தும், திட்டத்துக்கும் பொருந்தும்.

ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் செயப்பாட்டு வினையாக வரும். நமக்கு 'கூட்டம் சில்லறை விவரங்களில் காலாழ்ந்தது' என்று தன்வினையிலேயே அமைந்துவிடுகிறது. பிறவினை வேண்டுமானால் 'படிவங்கள் எங்களைக் காலாழ்த்தின'. பெயர்ச்சொல்லுக்குக் 'காலாழ்வு'.

ஐயா சொன்ன 'தடைபடுதல்' வீணாக வேண்டாம், 'ஹோல்ட் அப்' வரிசைக்கு நகர்த்திக்கொள்ளலாம். 'காலாழ்த்தின' மட்டும் வாய்க்குக் கடினமோ என்று தோன்றுகிறது. பள்ளியில் பாடம் நடத்துகிறவர்கள் ஒருமுறை சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.