பயிற்சிக் கண்ணிவெடியோடு பழகியவர்கள் உண்டா? அனுபவம் சொல்லுங்கள்

கிளிநொச்சியிலிருந்து:
முகமாலையில் மிதிவெடி அகற்றும் வேலை பார்த்தவள் நான். களத்தில் இறக்குவதற்கு முன் பயிற்சி வெடிகளை வைத்துத்தான் கை பழக்கினார்கள். அதிகம் பி-4 என்ற மிதிவெடி. பாகிஸ்தான் தயாரிப்பு, உள்ளங்கைக்குள் அடங்கும். உண்மையானதில் வெடிமருந்து 30 கிராம் அளவுதான், பாதம் போக அது போதும். பயிற்சிக்கானதில் மருந்தை எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் துளி உலோகத்தை விட்டுவைப்பார்கள். அதுவும் இல்லையென்றால் டிடெக்டர் கத்தாது, பிறகு எதைப் பழகுவது?

சத்தம் வந்த இடத்தில் நேரே தோண்டக்கூடாது. ஒரு சாண் தள்ளிப் பள்ளம் எடுத்து, பக்கவாட்டில் மண்ணை வழித்து வழித்துப் போகவேண்டும். முகத்தை மூடும் வைசருக்குள் வேர்வை கண்ணில் இறங்கும், துடைக்க வழியில்லை. எங்களோடு பழகிய ஒரு பிள்ளை, "பொய் வெடிதானே" என்று கையால் தூக்கிவிட்டாள். மாஸ்டர் ஏசவில்லை. விசில் அடித்து எல்லாரையும் நிறுத்தி, அவளை ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, காயக்காரரைத் தூக்கும் பயிற்சியை உச்சி வெயிலில் அவளை வைத்தே செய்வித்தார். அப்புறம் யாரும் தூக்கவில்லை.

குறை என்று சொன்னால் ஜொனி மிதிவெடியைச் சொல்வேன். புலிகள் மரப்பெட்டியில் செய்தது. பயிற்சியில் காட்டியது புதுப்பெட்டி, சதுரமாக, வடிவாக இருந்தது. களத்தில் கண்டதோ கறையான் அரித்து, இத்துப்போய், பனை வேரோடு ஒட்டிக்கிடந்த பலகைத் துண்டு. பயிற்சிப் பெட்டிகளையும் ஒரு மாரி முழுக்க மண்ணுக்குள் போட்டுவைத்து எடுத்துப் பழக்கவேண்டும்.

ஓய்வுபெற்ற மெட்ராஸ் சாப்பர் (இந்திய ராணுவப் பொறியாளர் படை):
நீங்கள் சொல்வது சரி, தங்கச்சி. பெங்களூரில் நாங்கள் பழகியது புதைப்பதற்கு. பயிற்சி மைதானத்தில் காலையில் வைத்தது மாலையில் அங்கேயே இருக்கும். டெல்லி நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு, 2001 கடைசியில் ஆபரேஷன் பராக்ரம் என்று படையை எல்லைக்கு நகர்த்தியபோது, பாகிஸ்தான் எல்லையில் நிஜ வெடியைப் புதைத்தோம். அடுத்த வருஷம் திரும்ப எடுக்கப் போனால், ராஜஸ்தான் மணல் நகர்ந்து, வரைபடத்தில் குறித்த இடத்தில் வெடி இல்லை. அதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.

இன்னொருவர்:
அக்கா, பள்ளிக்கூடங்களில் விழிப்புணர்வு வகுப்புக்கு இந்த மாதிரிகளைக் கொண்டுபோவீர்களா?

கிளிநொச்சியிலிருந்து:
இல்லை தம்பி, படம் மட்டும்தான். வகுப்பில் கையில் வாங்கிப் பார்த்த பிள்ளை வயலில் கண்டதையும் எடுத்துப் பார்க்கும்.