கடலுக்குப் பக்கத்தில் வெளியில் நிற்கும் பைக்: இரண்டு மாதம் விட்டுவிட்டுப் போக வேண்டும், எப்படிக் காப்பாற்றுவது?

வெள்ளவத்தை_பல்சர்:

வணக்கம். காலி வீதிக்கும் மெரைன் டிரைவுக்கும் நடுவில் ஒரு ஒழுங்கையில், மேல்மாடி அனெக்ஸில் வாடகைக்கு இருக்கிறேன். கூரை இருப்பது வீட்டுக்காரரின் காருக்கு மட்டும்தான். என் பல்சர் 150 (2014, காபரேட்டர் மொடல்) மதிலோரம் மண் தரையில் வெளியில் நிற்கிறது, கடல் நூறு மீற்றர்கூட இல்லை. சைலன்சர் மூட்டு, செயின், நட் போல்ட் எல்லாம் துருப்பிடிக்கத் தொடங்கியதும் புறக்கோட்டையில் ஒரு பிளாஸ்டிக் கவர் வாங்கிப் போட்டேன். அதற்குப் பிறகு துரு இன்னும் வேகமாகப் பிடிக்கிறது. காலையில் கவரைத் தூக்கினால் உள்பக்கம் முழுக்க வியர்த்திருக்கிறது.

இப்போது அம்மாவின் ஒபரேஷனுக்காக ஜூன், ஜூலை இரண்டு மாதமும் யாழ்ப்பாணத்தில் நிற்க வேண்டும். வீட்டுக்காரரின் மகன் வாரத்துக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி விடுகிறேன் என்கிறார். அது போதுமா? முதல் இரண்டு வருடச் சம்பளத்தில் சேர்த்து வாங்கிய பைக், இன்றைய விலைக்கு இன்னொன்று வாங்க என்னால் முடியாது.

கடலோரக்_கிழவன்:

தம்பி, முதலில் அந்தக் கவரைக் கழற்றுங்கள். நான் பம்பலப்பிட்டியில் கடற்பக்கமாக இருபது வருடத்துக்கு மேல் பைக் வைத்திருக்கிறேன், இதே பிழையை நானும் செய்து ஒரு டாங்கியை இழந்தவன். மழைதான் எதிரி என்று நினைக்கிறோம், இங்கே பெரிய எதிரி உப்பு. உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தானாக இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் மழையே இல்லாத நாளிலும் இரும்பு ஈரமாகவே இருக்கும். மழை பட்டால் மேல்பக்கத்து உப்பாவது கழுவப்பட்டுப் போகும். மழை படாத அடிப்பக்கத்தைப் பாருங்கள், மட்காட்டின் உள்பக்கம், சைலன்சரின் கீழ்ப்பக்கம், அங்கேதான் துரு அதிகம். கழுவாமல் மூடினால் முழு பைக்கும் அந்த அடிப்பக்கம் மாதிரி ஆகிவிடும். மண் தரையிலிருந்து எழும்பும் ஈரமும் கவருக்குள்ளேயே நிற்கிறது.

நீங்கள் போகும் இரண்டு மாதமும் தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து நேரே அடிக்கும் காலம். போவதற்கு முதல் நாள் நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் உட்பட முழுக்கக் கழுவி, அரை மணித்தியாலம் ஓடிக் காய விடுங்கள். செயினை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து 90 கியர் ஒயில் போடுங்கள். துருப்பிடிக்கும் நட் போல்ட், ஸ்டாண்ட், சைலன்சர் மூட்டு எல்லாவற்றிலும் பழைய பிரஷ் ஒன்றால் மெல்லியதாக ஒயில் அல்லது கிரீஸ். பிரேக் டிஸ்க்கிலும் டயரிலும் ஒரு துளிகூடப் படக்கூடாது, இதில் மட்டும் கவனம்.

மூடுவதைவிட மேலே ஒரு கூரை நல்லது. வீட்டுக்காரரிடம் கேட்டு மதிலில் இரண்டு கொக்கி, முன்னால் இரண்டு குழாய் நட்டு, தறப்பாளைச் சரிவாகக் கட்டுங்கள், பைக்குக்கும் தறப்பாளுக்கும் நடுவில் ஒரு முழமாவது இடைவெளி இருக்கட்டும், காற்று ஓட வேண்டும். கீழே இரண்டு சீமெந்துக் கல் போட்டு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கட்டாயம் கவர்தான் என்றால் காற்றுப் போகிற துவாரம் உள்ள துணிக் கவர் வாங்குங்கள், எஞ்ஜின் ஆறிய பிறகுதான் போட வேண்டும். ஒரு தடவை கவருக்கு அடியில் பழைய சாரம் ஒன்றைப் போர்த்தி வைத்தேன், ஈரத்தைக் குடித்துக்கொண்டு நாள்கணக்கில் காயவில்லை. என் டாங்கிப் பெயின்ட் கொப்பளித்தது அப்படித்தான்.

மருதானை_மெக்கானிக்:

அண்ணை சொன்னது முழுக்கச் சரி. நான் எஞ்ஜின் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணும் வேலை வேண்டவே வேண்டாம். பெற்றோல் எரியும்போது நீராவியும் வரும், எஞ்ஜின் நன்றாகச் சூடாகாமல் நிறுத்தினால் அந்தத் தண்ணீர் சைலன்சருக்குள்ளும் ஒயிலுக்குள்ளும் தங்கிவிடும். ஸ்டார்ட்டருக்குப் போன கரண்டும் அந்த நேரத்துக்குள் பற்றரிக்குத் திரும்பி வராது. அவர் இருபது நிமிடமாவது வீதியில் ஓட்டுவார் என்றால் சரி, இல்லாவிட்டால் தொடாமல் விடுவது நல்லது.

டாங்கியை வாய்வரை நிரப்புங்கள். 2022 தட்டுப்பாட்டின்போது மோட்டார் சைக்கிளுக்கு கியூஆர் முறையில் வாரம் 4 லீற்றர் கிடைத்த காலத்தில் எத்தனையோ பைக் அரை டாங்கியோடு மாதக்கணக்கில் நின்றன, பிறகு கராஜுக்கு வந்தபோது டாங்கியின் மேல்பாதி உள்ளே சிவப்பாக இருந்தது. வெறுமையான இடத்தில் ஈரக்காற்று நின்றால் அப்படித்தான். நிரப்பிய பிறகு பெற்றோல் டப்பை மூடி, காபரேட்டர் கிண்ணத்துக்குக் கீழே உள்ள ஸ்குரூவைத் தளர்த்தி மிச்சப் பெற்றோலை வடித்துவிடுங்கள். இல்லையென்றால் அது பசையாகி, காபரேட்டருக்குள் பெற்றோல் போகும் சின்னத் துவாரமான ஜெட்டை அடைக்கும்.

பற்றரியைக் கழற்றி மேலே அறைக்குள் வையுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில். திரும்பி வந்து மீற்றரில் பாருங்கள், 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜ் பண்ணிவிட்டுப் பூட்டுங்கள்.

தெஹிவளை_ஸ்கூட்டி:

எலியை யாரும் சொல்லவில்லையே! நான் ஆறு வாரம் ஊருக்குப் போய் வந்தபோது ஸ்கூட்டியின் வயர் இரண்டு இடத்தில் கடிபட்டு, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கடதாசியும் பஞ்சுமாகக் கூடு இருந்தது. சைலன்சர் வாயில் துணியைச் சுருட்டி அடையுங்கள், ஏர் ஃபில்டர் வாயில் கம்பி வலைத் துண்டு. இரண்டிலும் நீளமான சிவப்புத் துணி கட்டித் தொங்க விடுங்கள், எடுக்க மறந்து ஸ்டார்ட் பண்ணினால் பிரச்சினை.

அப்புறம் திருட்டு. ஹேண்டில் பூட்டை மட்டும் நம்ப வேண்டாம். தடித்த சங்கிலியை வெறும் டயரில் சுற்றாமல் சேஸியோடு சேர்த்து கேட் தூணிலோ கிறில்லிலோ பூட்டுங்கள், சங்கிலி நிலத்தில் கிடக்கக்கூடாது. நிலத்தில் கிடந்தால் கட்டரின் ஒரு கையை நிலத்தில் ஊன்றி இலகுவாக வெட்டிவிடுவார்கள். சேஸி நம்பரையும் எஞ்ஜின் நம்பரையும் போட்டோ எடுத்து வையுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால் களவு போனதற்குக் காசு கிடைக்காது, அதையும் பாருங்கள்.

வெள்ளவத்தை_பல்சர்:

எல்லோருக்கும் பெரிய நன்றி. கவரை இன்றே கழற்றிவிட்டேன். வீட்டுக்காரரிடம் பேசினேன், மதிலில் கொக்கி அடிக்கச் சம்மதித்துவிட்டார், தன்னிடம் இருந்த பழைய குழாய்கள் இரண்டையும் தந்தார். மூன்றாம் தரப்பு மட்டும்தான் இருக்கிறது, அதனால் சங்கிலி வாங்காமல் போகப் போவதில்லை. ஒரு கேள்வி மட்டும்: செயின் கேஸுக்குள் ஏற்கெனவே துரு இருக்கிறது, ஒயில் போட்டால் போதுமா, மாற்றத்தான் வேண்டுமா?

மருதானை_மெக்கானிக்:

கேஸைத் திறந்து செயினைக் கையால் மடக்கிப் பாருங்கள். மேலே மட்டும் துரு, கண்ணிகள் எல்லாம் இலகுவாக மடங்குகின்றன என்றால் கழுவி ஒயில் போடுங்கள், ஓடும். எங்கேயாவது இறுகி மடங்காமல் நின்றால் செயினையும் இரண்டு ஸ்புரொக்கெட்டையும் சேர்த்து செட்டாக மாற்ற வேண்டும். அதையும் இப்போது மாற்றாதீர்கள், புதுச் செயினை இரண்டு மாதம் உப்புக்காற்றில் நிறுத்தி என்ன பயன்? திரும்பி வந்த பிறகு பஞ்சிகாவத்தையில் வாங்கிப் பூட்டலாம். அம்மாவைப் பாருங்கள்.