புதுப்பிப்பு: கம்போடியாவின் சியம் ரீப் பயணம் இரண்டு நாள் திட்டமாகிவிட்டது

பன்தேய் ஸ்ரே கோயில், ஆற்றுப்படுகைச் சிற்பங்கள் உள்ள குபால் ஸ்பியன், குலென் மலை அருவி மூன்றையும் ஒரே நாளில் காரில் முடிக்கலாமா என்று கேட்டிருந்தேன். முடியாது என்றீர்கள். சரிதான்.

காரணம் குலென் மலைப்பாதை. குறுகலானது, காலையில் ஏற மட்டும், மதியத்துக்கு மேல் இறங்க மட்டும். அதனால் முதல் நாள் முழுக்க மலைக்கே. 802-இல் இரண்டாம் ஜெயவர்மன் கெமர் பேரரசனாக முடிசூடிய இடமல்லவா, அவசரப்படுவானேன்! ஆற்றுப்படுகையில் செதுக்கிய லிங்கங்களைப் பார்த்துவிட்டு அருவியில் குளியல்.

மறுநாள் காலை 967-இல் எழுந்த பன்தேய் ஸ்ரே, அப்புறம் குபால் ஸ்பியன். அங்கே காட்டுக்குள் ஒன்றரை கிலோமீட்டர் ஏற வேண்டும். இவை இரண்டுக்கும் அங்கோர் கோயில் வளாகத்தின் நுழைவுச்சீட்டே போதும், குலெனுக்குத் தனிச்சீட்டு.

கோடையில் அருவி மெலிந்துவிடும் என்பதால் மழை ஓயும் நவம்பரில் கிளம்புகிறோம்.