போட்டோ பிரிண்ட் போட்ட துணியில் சாயம் போகுது, எங்கே தப்பு?

ஊசிநூல்:
குவில்ட்டுக்காக (துணித் துண்டுகளை இணைத்து, அடுக்காகத் தைக்கும் போர்வை) காட்டன் துணியில் போட்டோ பிரிண்ட் எடுக்கிறேன். இங்க் டேங்க் பிரிண்டர். துணியை ஏ4 அளவில் வெட்டி, பேப்பர்மேல் டேப் ஒட்டி விட்டதில் இரண்டு தடவை சிக்கிக்கொண்டது. ஒழுங்காக வந்த ஒன்றை நனைத்ததும் முகமெல்லாம் ஊதா. கீழே அடித்த பெயர் மட்டும் கறுப்பாக அப்படியே நிற்கிறது. வினிகரில் ஊறவைத்தால் சாயம் நிற்குமா?

கத்தரிப்பெட்டி:
நிற்காது. உப்பும் அப்படித்தான், நம்பாதீங்க.

பெயர் நின்னு முகம் போனதிலேயே விடை இருக்கு. நிறைய இங்க் டேங்க் மாடல்களில் கறுப்பு மட்டும்தான் பிக்மென்ட் இங்க். மற்ற மூணு நிறமும் டை இங்க். பிக்மென்ட் துகள் தண்ணியில் கரையாது, இழையில் ஒட்டிக்கும். டை கரைஞ்சு ஓடிடும். நாலு நிறமும் பிக்மென்டா இருக்கிற பிரிண்டரில் எடுங்க. இல்லைன்னா டை இங்க்கைத் துணியில் பிடிக்கவைக்கிற பபிள் ஜெட் செட் மாதிரி திரவத்தில் துணியை 5 நிமிஷம் ஊறவைச்சு, பிழியாம கொடியில் காயவைச்சு, இஸ்திரி போட்டு, அதில் பிரிண்ட் எடுங்க. பிரிண்ட் ஆனதும் ஒரு நாள் விட்டு, பச்சைத் தண்ணியில் விரிச்சபடியே அலசுங்க. மடிச்சு ஊறவைச்சா ஒரு முகத்து நிறம் இன்னொண்ணில் ஏறும்.

பேப்பர் செட்டிங் 'ப்ளெயின்', குவாலிட்டி 'ஹை'. 'போட்டோ பேப்பர்'னு வைச்சா பல பிரிண்டர்கள் பிக்மென்ட் கறுப்பைத் தொடாம, நிறங்களைக் கலந்தே கறுப்பு காட்டும்.

நாலுமுழம்:
சிக்குவதற்குக் காரணம் டேப். நடுவில் துணி பேப்பரை விட்டு எழும்பி, இங்க் தெளிக்கும் ஹெட்டில் உரசுகிறது. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஏ4 ஸ்டிக்கர் ஷீட் (வெட்டுக்கோடு இல்லாத முழு ஷீட்) வாங்குங்கள். கஞ்சி போகத் துவைத்து இஸ்திரி போட்ட பாப்ளினை அதன் பசைப்பக்கத்தில் ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் நீவுங்கள். பிறகு துணியையும் ஷீட்டையும் சேர்த்தே ஓரம் வெட்டுங்கள். தொங்கும் ஒரு நூல் போதும், ஹெட் இழுத்துக்கொண்டு போய் நீளத்துக்குக் கோடு போடும். முதலில் உள்ளே போகும் ஓரத்தில் மட்டும் மெல்லிய டேப்பை மடித்து ஒட்டலாம். பின்பக்க ட்ரே இருந்தால் அதில் ஒவ்வொன்றாக விடுங்கள். முன் ட்ரேயில் ஷீட் வளைந்து திரும்பும்போது துணி உரியும். பிரிண்ட் ஆனதும் தாமதிக்காமல் உரித்துவிடுங்கள், வைத்திருந்தால் பசை துணியில் தங்கும்.

ஊசிநூல்:
நன்றி. லேசர் பிரிண்டரில் இதே ஷீட்டை விடலாமா?

கத்தரிப்பெட்டி:
விடவே விடாதீங்க. டோனர் பொடியை உருக்குற சூட்டில் பசையும் இளகி உருளையில் சுத்திக்கும். சப்ளிமேஷனும் (சூட்டில் சாயத்தை ஆவியாக்கித் துணியில் ஏத்துற முறை) உதவாது, அது பாலியஸ்டருக்குத்தான், காட்டனில் வெளுத்துடும்.

பட்டன்டப்பா:
துணியில் நிறம் மங்கும், அதனால் கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்றுங்க. வெள்ளை இங்க் கிடையாது, துணி நிறம்தான் பல்லுக்கும் கண்ணுக்கும் வெள்ளை. சந்தன நிறத் துணி எடுத்தால் பல் மஞ்சள்தான். நாலு பக்கமும் அரை இஞ்ச் விடுங்க, கால் இஞ்ச் தையலுக்குள் போயிடும். முகத்துமேல் குவில்ட்டிங் தையல் ஓட்டாதீங்க.