கிளை நூலகத்தில் பெரியவர்களுக்கு எழுத்தும் இங்கிலீஷும்: மனுவில் கையெழுத்துப் போடலாமா?

தண்டையார்பேட்டை செல்வி

வணக்கம். வட சென்னையில் உள்ள கிளை நூலகங்களில் மாலை நேரத்தில் பெரியவர்களுக்குத் தமிழ் எழுத்தும் அடிப்படை இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்க அனுமதி கேட்டு எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு மனு தயாராகிறது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம். சொல்லிக்கொடுப்பவர் ஒருவருக்கு இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். எல்லாரும் தன்னார்வலர்கள். கட்டணம், தேர்வு, சான்றிதழ் எதுவும் கிடையாது.

நான் துறைமுகம் பக்கம் ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். கேட் பாஸ் வாங்க வரும் டிரைவர்களில் சிலர் பேப்பரை என்னிடமே திருப்பி நீட்டி, "கண்ணாடி எடுத்துட்டு வரல மேடம், கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்பார்கள். கண்ணாடியில் ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். காசிமேட்டில் ஏலம் எடுத்து மீன் விற்கும் அக்காக்கள் நூறு கிலோ கணக்கை மனதிலேயே போட்டுவிடுவார்கள். வங்கியில் பணம் எடுக்கும் சீட்டை நிரப்ப மட்டும் யாரையாவது தேடி நிற்பார்கள். இவர்களுக்காகத்தான் இந்த மனு. எதிர்ப்பு இருந்தால் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

குரூப் 4 வியாசர்பாடி

செல்வி அக்கா, நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். இடம்தான் தப்பு.

எங்கள் வீட்டில் ஒரே அறை, ஐந்து பேர். டிவி ஓடும், குக்கர் கூவும், பக்கத்து வீட்டுச் சண்டை சுவரைத் தாண்டி வரும். நான் படிக்க இருக்கிற ஒரே இடம் நூலகம். கதவு திறக்கும் நேரத்துக்கே போனால்தான் ஃபேனுக்குக் கீழே நாற்காலி கிடைக்கும். என்னைப் போல அங்கே இன்னும் பலர் இருக்கிறார்கள். பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் மட்டும் படிக்க வருகிறவர்களும் உண்டு. அதே ஹாலில் மூன்று மேஜை போட்டு வாய்விட்டுப் படித்தால் நாங்கள் எங்கே போவது? மாநகராட்சிப் பள்ளிக்கூடங்கள் மாலையில் காலியாகத்தானே இருக்கின்றன. பெஞ்சு, கரும்பலகை எல்லாம் அங்கேயே இருக்கிறது. அங்கே கேளுங்கள்.

சும்மா ஒரு வாசகன்

2011 கணக்கெடுப்பிலேயே சென்னையின் எழுத்தறிவு 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இப்போது இன்னும் கூடியிருக்கும். யாருக்காக இந்த ஏற்பாடு?

தண்டையார்பேட்டை செல்வி

//யாருக்காக இந்த ஏற்பாடு?//

மீதிப் பத்து சதவீதம் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2011ல் சென்னை மாவட்டத்தில் 46 லட்சம் பேர். ஏழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளைக் கழித்தாலும், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஏறக்குறைய 4 லட்சம் வருகிறார்கள். அந்தக் கணக்கெடுப்பு நடந்தபோது திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தன. அதனால் நம் பக்கத்தில் பாதி அந்த 90க்குள் வரவே இல்லை. இன்னொன்று, கணக்கெடுக்க வருகிறவர் யார் கையிலும் பேப்பரைக் கொடுத்துப் படிக்கச் சொல்வதில்லை. வீட்டில் ஒருவர் சொல்வதை எழுதிக்கொண்டு போகிறார். என்னிடம் கண்ணாடிக் கதை சொல்லும் டிரைவர் வீட்டிலும் "படிக்கத் தெரியும்" என்றுதான் பதிவாகியிருக்கும்.

தம்பி கேட்ட பள்ளிக்கூட யோசனைக்கு வருகிறேன். சிறு வயதில் அடிவாங்கி, ஃபெயிலாகி, பாதியில் நின்ற இடம் அது. நாற்பத்தைந்து வயதில் தன் பிள்ளை படிக்கிற பள்ளியிலேயே போய்ச் சின்ன பெஞ்சில் உட்காரச் சொன்னால் எத்தனை பேர் வருவார்கள்? நூலகத்துக்குள் போகிறவரை "எதற்குப் போகிறாய்" என்று யாரும் கேட்பதில்லை. பேப்பர் படிக்கப் போகிறார் என்று தெரு நினைத்துக்கொள்ளும். அந்த மறைவு அவர்களுக்கு வேண்டும்.

அறிவொளித் தொண்டர் 91

நான் புதுக்கோட்டையில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுத்த அறிவொளி இயக்கத்தில் இருந்தவன். 1991ல் பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் பழகிய காலம். இப்போது கொளத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எழுத்து வகுப்பு வேண்டும், நூலகத்திலேயே வேண்டும். அதில் இங்கிலீஷைச் சேர்க்கக் கூடாது.

இங்கிலீஷ் என்று போர்டு வைத்தால் வருகிற கூட்டமே வேறு. பன்னிரண்டாவது முடித்தவர், டிகிரி முடித்து இன்டர்வியூவுக்குப் பயப்படுகிறவர், ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் ஆக ஆசைப்படுகிறவர் என்று எல்லாரும் வருவார்கள். அவர்களுக்கும் தேவை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் பேசத் தெரிந்தவர்கள், முன்னால் வந்து உட்காருவார்கள். கைநாட்டு வைக்கிற ஒரு அம்மா முதல் நாள் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இரண்டாம் நாள் வரமாட்டார். சொல்லிக்கொடுக்க வருகிறவருக்கும் சுலபமாகக் கற்கிற மாணவரைத்தான் பிடிக்கும். கொஞ்ச நாளில் அது இலவச ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் ஆகிவிடும். அதற்குத் தெருவுக்குத் தெரு சென்டர் இருக்கிறது.

அப்புறம், தமிழ் எழுத்தே முழுதாகப் பிடிபடாதவரிடம் இன்னொரு எழுத்துமுறையையும் நீட்டினால் இரண்டும் நிற்காது. ஒரு மொழியில் வேகமாகப் படிக்கப் பழகியவருக்கு அடுத்தது தானாக வரும். தாய்மொழிதான் வாசல்.

டிரெய்லர் ராஜா, எண்ணூர்

இதைப் போனில் பேசித்தான் போடுகிறேன், பிழைகளை என் மகள் திருத்துகிறாள்.

ஐயா சொல்வதை மதிக்கிறேன். என் பாடு வேறு. நான் ஐந்தாவதோடு நின்றவன். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பேன், சினிமா போஸ்டர், பஸ் போர்டு வரைக்கும். ஹெவி லைசென்ஸுக்கு எட்டாவது பாஸ் என்ற விதியை 2019ல் எடுத்த பிறகுதான் நானே வண்டி ஓட்ட வந்தேன். அதுவரை கிளீனர்.

கண்டெய்னர் கதவில் மேலே நம்பர் இருக்கும். முதலில் நாலு இங்கிலீஷ் எழுத்து, பிறகு ஆறு நம்பர், கடைசியில் கட்டம் போட்டு ஒரு நம்பர். யார்டில் ஒரே கலரில் நூற்றுக்கணக்கில் அடுக்கியிருப்பார்கள். கையில் இருக்கும் பேப்பரில் உள்ளதும் கதவில் உள்ளதும் ஒன்றா என்று நான்தான் பார்க்க வேண்டும். சீல் நம்பரும் பார்க்க வேண்டும். தப்பான பெட்டியை ஏற்றி கேட் வரைக்கும் போனால் திருப்பி அனுப்புவார்கள், மறுபடி வரிசை. அன்றைய டிரிப் போச்சு, பேட்டாவும் போச்சு. நாலாவது எழுத்து எப்போதும் யு என்று ஒரு கிளீனர் பையன்தான் எனக்குச் சொன்னான். அவன் என் மகன் வயது. அங்கிருந்து ஒவ்வொரு எழுத்தாக, வண்டி நிற்கிற நேரத்தில் அவனிடமே கற்றேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டிக்கு நிற்கிற நேரம் நிறையக் கிடைக்கும்.

"முதலில் தமிழை முடித்துவிட்டு வா, பிறகு இங்கிலீஷ்" என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நான் கிளம்பிப் போயிருப்பேன். எனக்கு முதலில் தேவைப்பட்டது அந்த நாலு எழுத்து. அது வந்த தைரியத்தில்தான் தமிழ்ப் பேப்பரையே எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன்.

மணலி மாலதி

மாலை வகுப்பு என்றால் பெண்கள் வருவது கஷ்டம். ஆறிலிருந்து எட்டு வரை தண்ணீர், சமையல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பகல் இரண்டிலிருந்து நாலு வரைதான் மூச்சுவிடும் நேரம். மனுவில் "மாலை" என்று மட்டும் போட்டால் ஆண்களுக்கான வகுப்பாக முடியும்.

ஓய்வு பெற்ற நூலகர்

நான் கிளை நூலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த மனுவை இப்போதைய வடிவத்தில் ஆதரிக்க மாட்டேன். காரணத்தைச் சொல்கிறேன்.

கிளை நூலகத்துக்குள் போய்ப் பாருங்கள். பல இடங்களில் ஒரே ஒரு மூன்றாம் நிலை நூலகர். புத்தகம் கொடுப்பது, வாங்குவது, பதிவு எழுதுவது, நாளிதழ் அடுக்குவது, கழிவறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று போன் போடுவது எல்லாம் அவர்தான். வகுப்பு நடத்துவது தன்னார்வலர் என்றாலும், அவர் வராத நாளில் கற்க வந்தவர்கள் நூலகரின் மேஜைக்கு முன்னால்தான் நிற்பார்கள். தன்னார்வலர்கள் முதல் மாதம் எல்லாரும் வருவார்கள். பரீட்சை, கல்யாணம், வேலை மாற்றம் என்று மூன்றாவது மாதம் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள்.

சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது 1948ல். நாட்டிலேயே முன்னோடிச் சட்டம் அது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டு பாடுபட்டதன் பலன். நூலகத்துக்கென்று மக்களிடமே வரி வாங்கலாம் என்று வைத்தது அந்தச் சட்டம். இன்றும் சொத்து வரியில் பத்து சதவீதம் நூலக வரியாக நீங்கள் கட்டுகிறீர்கள். ரசீதை எடுத்துப் பாருங்கள். கொருக்குப்பேட்டையில் வாடகைக்கு இருப்பவரும் வாடகை வழியாக அதைக் கட்டத்தான் செய்கிறார், புத்தகத்தைத் திறக்கத் தெரியாவிட்டாலும். ஆகவே இது யாரும் செய்கிற தர்மம் இல்லை, அவர்களுக்குச் சேர வேண்டியது. அதனால்தான் இலவச உழைப்பை நம்பித் தொடங்காதீர்கள் என்கிறேன். பயிற்சி ஒருங்கிணைப்பாளர் என்று சம்பளத்தோடு ஒரு பணியிடம் கேளுங்கள். அது கிடைக்காமல் தொடங்கினால், "அதான் ஓசியிலேயே நடக்கிறதே" என்று கடைசிவரை அப்படியே விட்டுவிடுவார்கள்.

கடல் தாண்டிய அயனாவரம்

நான் கலிஃபோர்னியாவில் ஒரு பொது நூலகத்தில் வாரம் ஒரு நாள் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே 1984 முதல் மாநில நூலகத்தின் ஆதரவில் பெரியவர்களுக்கான எழுத்தறிவுத் திட்டம் நடக்கிறது. சொல்லிக்கொடுப்பவர்களுக்கு முதலில் பயிற்சி உண்டு. பிறகு ஒருவருக்கு ஒருவர். முதல் சந்திப்பில் "எதற்காகப் படிக்க வேண்டும்" என்று கேட்டு எழுதிக்கொள்வோம். பேரனுக்குக் கதை படிக்க வேண்டும் என்பார் ஒருவர், மருந்து பாட்டிலில் உள்ளதைப் படிக்க வேண்டும் என்பார் இன்னொருவர். பாடம் அங்கிருந்து தொடங்கும்.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, தன்னார்வலர்களைச் சேர்த்துக் கவனிக்கச் சம்பளம் வாங்கும் நூலக ஊழியர் இருக்கிறார். நூலகர் ஐயா கேட்பது அதைத்தான். இரண்டு, இந்தத் திட்டம் இங்கிலீஷ் பேசத் தெரிந்தும் படிக்க வராதவர்களுக்காகத் தொடங்கியது. வேறு நாட்டிலிருந்து வந்து இங்கிலீஷ் கற்பவர்களுக்கான வகுப்பு அதிலிருந்து வேறு. அறிவொளி ஐயாவின் பயம் இங்கேயும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சும்மா ஒரு வாசகன்

மத்திய அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022லிருந்து நடக்கிறதே? பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தன்னார்வலர்களை வைத்துத்தான் அதிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். எதற்கு இரண்டு?

அறிவொளித் தொண்டர் 91

அதில் கடைசியில் 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு. வாசிப்புக்கு 50, எழுத்துக்கு 50, கணக்குக்கு 50. தேறினால் சான்றிதழ். நல்லதுதான். தேறிய மறுநாள் அந்த அம்மா எதைப் படிப்பார்? எங்கள் காலத்தில் முதல் புத்தகம், இரண்டாம் புத்தகம் முடித்து, மேடையில் கைதட்டு வாங்கியவர்கள் சில வருடத்தில் மறுபடி கைநாட்டுக்குப் போனதைக் கண்ணால் பார்த்தேன். பழக்கம் விட்டால் எழுத்து போய்விடும். பெரிய எழுத்தில் அச்சிட்ட சின்னப் புத்தகங்கள், அன்றைய நாளிதழ், பக்கத்தில் கேட்க ஒரு ஆள், இதெல்லாம் ஒரே இடத்தில் இருப்பது நூலகத்தில்தான். இடத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை.

டிரெய்லர் ராஜா தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு எழுத்துக்கூட்டவாவது தமிழ் இருந்தது. அதன்மேல்தான் அந்த நாலு எழுத்து ஏறி உட்கார்ந்தது. ஒன்றுமே இல்லாதவரை நினைத்துப் பாருங்கள்.

டிரெய்லர் ராஜா, எண்ணூர்

நினைத்துத்தான் சொல்கிறேன் ஐயா. என் அம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை இரண்டும் வெள்ளை. அட்டையில் பேர் இங்கிலீஷில்தான் இருக்கிறது. டாக்டர் சீட்டில் 1-0-1 என்று எழுதுவார், காலையும் ராத்திரியும் மட்டும் போட வேண்டும் என்று அர்த்தம். அட்டையில் முதல் எழுத்தைப் பார்த்து எது எது என்று பிரிக்க அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அது இங்கிலீஷா தமிழா என்று அவர் கேட்கவில்லை.

தண்டையார்பேட்டை செல்வி

எல்லாவற்றையும் படித்தேன். மனுவை இப்படி மாற்றுகிறோம். "ஸ்போக்கன் இங்கிலீஷ்" என்ற சொல் எங்கும் வராது. தமிழ் எழுத்துதான் பாடம். கற்க வருகிறவர் கையில் கொண்டுவரும் பேப்பரில் இங்கிலீஷ் எழுத்து இருந்தால் அதையும் அன்றே படிக்கச் சொல்லிக்கொடுப்போம். டிகிரி முடித்தவர்களுக்கு இங்கிலீஷ் வேண்டுமென்றால் அது தனி மனு. மாலதி சொன்னபடி பகல் இரண்டு மணி வகுப்பு ஒன்று கட்டாயம். ஒருங்கிணைப்பாளர் பணியிடத்தை முதல் கோரிக்கையாக வைக்கிறோம். ஆனால் அது கிடைக்கும்வரை காத்திருக்கப் போவதில்லை. பணியிடம் வர வருடக்கணக்கில் ஆகலாம்.

ஓய்வு பெற்ற நூலகர்

காத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. கையெழுத்துப் போட மாட்டேன். எழுத்துகளை அட்டையில் பெரிதாக எழுதித்தர ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், செய்கிறேன்.

குரூப் 4 வியாசர்பாடி

சத்தத்தைப் பற்றி மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. கதவு போட்ட தனி அறை உள்ள நூலகங்களில் மட்டும் தொடங்குவோம் என்று மனுவில் எழுதினால் நானும் போடுகிறேன், என்னோடு படிப்பவர்களிடமும் வாங்கித் தருகிறேன். ஒரே ஹால் உள்ள நூலகத்தில் தொடங்கினால் எதிர்மனு கொடுப்போம்.

தண்டையார்பேட்டை செல்வி

எங்கள் நூலகத்தில் தனி அறை இல்லை தம்பி. மாடியில் பழைய நாளிதழ் கட்டுகள் போட்டிருக்கும் இடம் இருக்கிறது. அதைக் காலி செய்து தரச் சொல்லி மனுவில் ஒரு வரி சேர்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து நீங்களே பாருங்கள்.