வோல்டேஜ் ஸ்லைடரை முழுவதும் ஏற்றியும் கிளாக் இறங்குவது ஏன்?

குடமுருட்டி:
அனைவருக்கும் வணக்கம். திருவாரூரில் இருக்கிறேன். என்னிடம் உள்ளது 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு. கார்டின் அமைப்புகளை மாற்றும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கோர் கிளாக்கை (சிப் ஓடும் வேகத்தை) 100 மெகாஹெர்ட்ஸ் கூட்டியபோது, கார்டு 2,000-ஐ ஒட்டி நிலையாக ஓடியது. அதற்கு மேல் போனால் கேம் நின்றுவிடுவதால் கோர் வோல்டேஜ் ஸ்லைடரை 100 சதவீதம் வரை தள்ளினேன். ஆனால் சிறிது நேரத்தில் கிளாக் முன்பிருந்ததைவிடக் கீழே வந்துவிடுகிறது. மாலையில் எங்கள் தெருவில் மின்னழுத்தம் 190 வரை இறங்குவது காரணமாக இருக்குமா? ஸ்டெபிலைசர் வாங்க வேண்டுமா?

வெண்ணாறு:
ஸ்டெபிலைசரால் கிளாக் கூடாது. வீட்டு மின்சாரத்தை எஸ்எம்பிஎஸ் (கணினியின் பவர் சப்ளை) 12 வோல்ட் டிசியாக மாற்ற, கார்டிலேயே இருக்கும் விஆர்எம் என்னும் மின்னழுத்தச் சுற்று அதை ஏறக்குறைய 1 வோல்ட்டுக்குக் குறைத்துச் சிப்புக்குக் கொடுக்கிறது. 190 வோல்ட் எஸ்எம்பிஎஸ் தாங்கும் வரம்புக்குள் இருந்தால் சிப்புக்கு அது தெரியவே தெரியாது. தாங்காவிட்டால் கணினி அணைந்துவிடுமே தவிர, கிளாக் மட்டும் குறையாது. எஸ்எம்பிஎஸ் மேல் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள்: 100–240 என்றிருந்தால் கவலையில்லை, 200–240 என்றிருந்தால் கணினியின் பாதுகாப்புக்காக ஸ்டெபிலைசர் வாங்கலாம்.

இனி உங்கள் கேள்வி. வோல்டேஜ் கூடினால் டிரான்சிஸ்டர்கள் விரைவாக நிலைமாறும் என்பதால், அதிகக் கிளாக்கிலும் கணக்குப் பிசகாமல் சிப் ஓடும். வோல்டேஜ் கொடுப்பது அப்படி ஓடுவதற்கான இடத்தை மட்டுமே; கிளாக்கை அது தானாக ஏற்றாது. மேலும் உங்கள் 1060 போன்ற பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளில் அந்த ஸ்லைடர் வோல்டேஜை நேராகக் கூட்டுவதில்லை; வழக்கமாக 1.062 வோல்ட்டில் நிற்கும் கார்டு 1.093 வரை போகலாம் என்று அனுமதிக்கிறது, அவ்வளவுதான். மின்செலவோ வோல்டேஜின் வர்க்கத்தோடும் கிளாக்கோடும் சேர்ந்து ஏறுகிறது. 1.062-லிருந்து 1.093-க்குப் போனால் வோல்டேஜால் மட்டும் ஏறத்தாழ 6 சதவீதம் கூடும். அதற்குக் கிடைக்கும் கிளாக் இரண்டொரு படிகள், அதாவது 13 அல்லது 26 மெகாஹெர்ட்ஸ். 1060-க்கு என்விடியா வகுத்த மின்திறன் 120 வாட். அந்த வரம்பைத் தொட்டதும் கார்டு தானாகவே கிளாக்கையும் வோல்டேஜையும் இறக்கிவிடும்.

அரசலாறு:
வெண்ணாறு சொன்னதோடு வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 83 டிகிரி வரம்பை எட்டுவதற்கு வெகு முன்பே, சூடு ஏற ஏறப் பாஸ்கல் கார்டு படிப்படியாகக் கிளாக்கை விட்டுக்கொடுக்கும். கத்திரி வெயிலில், மின்விசிறியே அனலைத் தள்ளும் நம் பக்கத்து அறைகளில், இது இன்னும் விரைவாக நடக்கும். யூடியூபில் ஸ்லைடரைத் தள்ளிக் காட்டுபவர்கள் பெரும்பாலும் ஏசி அறையில் இருப்பவர்கள்.

எனவே ஸ்லைடரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, கண்ட்ரோல், எஃப் இரண்டையும் அழுத்தி, எந்த வோல்டேஜில் எந்தக் கிளாக் என்று காட்டும் வளைகோட்டைத் திறங்கள். 0.950 வோல்ட் புள்ளியை 1,850 அல்லது 1,900-க்கு உயர்த்தி, அதற்கு வலப்புறம் உள்ளவற்றை அதே மட்டத்தில் படுக்க வையுங்கள். அதே கிளாக்கை 1.062-இல் ஓட்டுவதைவிட ஐந்தில் ஒரு பங்கு வரை மின்செலவு குறையும். சிப்புக்குச் சிப் வேறுபடும் என்பதால், கேம் நின்றால் 1,850-க்கும் கீழே இறக்கிப் பாருங்கள்.

குடமுருட்டி:
நன்றி ஐயா. கார்டின் நிலையைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் பார்த்தேன், கிளாக் தடைபடும் காரணம் பவர் என்றே காட்டியது. இப்போது 0.950-இல் 1,873 நிலையாக நிற்கிறது, ஃபேன் இரைச்சலும் தணிந்துவிட்டது. மெமரி கிளாக்குக்கும் இதே கணக்குதானா?

வெண்ணாறு:
இல்லை. அந்த ஸ்லைடரும் வளைகோடும் கோருக்கு மட்டுமே. மெமரி சில்லுகளுக்கு மின்சாரம் வேறு பாதையில் போகிறது. மெமரியைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். திரையில் புள்ளிகளோ கோடுகளோ தெரிந்தால் உடனே குறைத்துவிடுங்கள்.