வாட்டர்ஃப்ரண்ட் சரி, வாட்டர் ஆக்சஸுக்கு என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

நீர்நிலை ஓரமா எழும்புற கட்டடங்களப் பத்தி மக்கள் என்ன நினைக்கிறாங்கன்னு கேக்குற ஒரு கருத்துக்கேட்புப் படிவத்தத் தமிழாக்கிட்டு இருக்கேன். வாட்டர்ஃப்ரண்ட்னு வர்ற இடத்துல எல்லாம் நீர்முகப்புன்னு போட்டாச்சு, ஓரளவுக்கு ஒட்டுது. பப்ளிக் ஆக்சஸ் டு வாட்டர்னு வரும்போதுதான் மாட்டிக்கிட்டேன். 'பொது அணுகல்'னு போட்டா சுற்றறிக்கை வாசம் அடிக்குது, எதை அணுகணும்னும் தெரியல. 'நீர் அணுகல்'னு போட்டா படிச்சுப் பாத்தவங்க எல்லாம் குடிதண்ணி வருதான்னு கேக்குறோம்னு நினைச்சு குழாயப் பத்திப் பேச ஆரம்பிச்சுடுறாங்க. படிவத்துல இந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருது, அதனால சின்னதா, வாய்ல நிக்கிற மாதிரி ஒண்ணு வேணும். உதவுங்க.

---

தம்பி, கரையுரிமைன்னு போடுங்க, முடிஞ்சுது வேலை. வாட்டர்ஃப்ரண்டுக்கும் நீர்முகப்பு எதுக்கு இவ்ளோ நீளமா, நீர்முகம் போதுமே.

---

> கரையுரிமைன்னு போடுங்க

கரையுரிமை வேணாம் அண்ணே. அது ரிபேரியன் ரைட்ஸுக்குத்தான் பொருந்தும், அதாவது கரையில நிலம் வச்சிருக்கிறவர் அந்தத் தண்ணிய எடுத்துப் புழங்குற உரிமை. தம்பி கேக்குறது நிலமே இல்லாத ஆள் கரைக்கு வந்து நிக்கிறதப் பத்தி, பல ஊர்ல சண்டையே இந்த ரெண்டு பேருக்கும் நடுவுலதான், ரெண்டுக்கும் ஒரே பேர வச்சா யாரு கட்சிக்கு யாரு ஓட்டுன்னே தெரியாது. நீர்முகமும் வேணாம், முகத்துவாரம் ஞாபகம் வருது. நீர்முகப்பு நல்லாவே இருக்கு, முகப்புங்கிறது கட்டடத்தோட சொல், வாட்டர்ஃப்ரண்ட்ங்கிறதும் கரையில நிக்கிற கட்டடத்தப் பாத்து சொல்ற சொல்தான்.

சிக்கல் ஆக்சஸ்ல இருக்கு. அந்த மூலச்சொல்லே நாலு காரியத்த ஒரே மூட்டையா கட்டி வச்சிருக்கு, அதுக்கு ஒத்தைத் தமிழ்ச்சொல் தேடுனா மூட்டையும் அப்படியே வந்து சேரும். 'ஆக்சஸ் வேணுமா'ன்னு கேட்டா யாரு வேணாம்பாங்க? எல்லாரும் ஆமான்னு டிக் அடிப்பாங்க, அப்புறம் கட்டுறவர் பெரிய கண்ணாடிச் சுவரா வச்சு, நடுவுல ஒரு இடுக்கு விட்டு அது வழியா தண்ணி மின்னுறதக் காட்டி, மக்கள் கேட்டதத்தான் குடுத்தோம்பார். (இந்தத் திட்டங்களோட படம் எல்லாமே தண்ணிக்குள்ள இருந்து கரையப் பாத்து வரைஞ்சதாத்தான் இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? அந்தக் கோணத்துல கட்டடத்தப் பாக்கப் போறது வாத்து மட்டும்தான்.)

இது வெறும் சொல் விளையாட்டு இல்லங்கிறதுக்கு ஒரு வழக்கே இருக்கு. 1987ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்ன நோலன் தீர்ப்பு. கலிஃபோர்னியாவுல கடற்கரை ஓரம் இருந்த சின்ன வீட்ட இடிச்சுட்டுப் பெருசா கட்ட அனுமதி கேட்டாங்க. கடலோர ஆணையம் என்ன சொல்லுச்சுன்னா, வீடு பெருசானா ரோட்டுல போறவங்க கண்ணுக்குக் கடல் மறைஞ்சுடும், அதனால வீட்டுக்குக் கடல் பக்கமா இருக்கிற மணல்ல ஜனங்க கரையோட நடந்து போக வழி விடணும்னு. கோர்ட் 5-க்கு 4ன்னு அத ரத்து பண்ணுச்சு. ரோட்டுல நிக்கிற ஆளுக்குக் கடல் தெரியலங்கிற குறைய, ஏற்கனவே மணல்ல நிக்கிற ஆள் நடக்குறதுக்கு வழி விட்டா எப்படித் தீரும்? பாக்குறதுக்கு ஒரு இடம் ஒதுக்கச் சொல்லியிருந்தாக்கூட ஒத்துக்கிட்டிருக்கலாம்ங்கிற தொனியிலயே தீர்ப்பு போகுது. ஆணையம் ஆக்சஸ்ங்கிற ஒரே சொல்ல வச்சு பாக்குறதையும் நடக்குறதையும் ஒண்ணாக்கப் பாத்துச்சு, கோர்ட் பிரிச்சுப் போட்டுடுச்சு. அங்கயே அந்தச் சொல் தாங்கலங்க, நாம மட்டும் ஏன் அத ஒத்தைச் சொல்லா சுமக்கணும்?

அதனால என் முன்மொழிவு இது. கரையில இறங்காமலே தண்ணி கண்ணுல படுறது நீர்க்காட்சி. கட்டடத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல, கரையோடவே போற பாதை கரைவழி. தெருவுல இருந்து தண்ணி வரைக்கும் வந்து சேர்ற பாதை துறைவழி (இதக் குறுக்குவழின்னு சொல்லத் தோணும், வேணாம், அர்த்தமே மாறிடும்). துறைங்கிறது நம்ம கையில இருக்கிற அருமையான சொல், ஜனங்க தண்ணிக்குள்ள இறங்குற இடம்னு அது தெளிவா சொல்லுது, நெய்தல் பாட்டுல தலைவனையே துறைவன்னுதான கூப்பிடுறாங்க. படித்துறைன்னு இன்னைக்கும் சொல்றோம். நாலாவது, உள்ள இறங்கி நீந்துறது, கால் நனைக்கிறது, அதுக்கு நீரிறக்கம்னு வைக்கலாமான்னு யோசிக்கிறேன்.

---

> நீரிறக்கம்னு வைக்கலாமான்னு யோசிக்கிறேன்

வேணாம்மா. நான் பாசனப் பக்கம் வேலை பாத்தவன், நீரிறக்கம்னா எங்களுக்கு மட்டம் கீழ போறதுதான். 'இந்த ஏரியில நீரிறக்கம் போதுமா'ன்னு கேட்டா மதகப் பத்திப் பதில் எழுதுவேன். நீரிறங்கல்னு வையுங்க, ஆள் இறங்குறாங்கன்னு புரியும்.

துறைவழியும் எனக்கு ஒத்து வரல. துறைவன் காலத்துல சரிதான், இப்ப துறைன்னா வருவாய்த்துறை, காவல்துறை. 'உங்கள் பகுதியில் துறைவழி உள்ளதா'ன்னு படிவத்துல வந்தா எந்த ஆபீசுக்கு மனு போடணும்னு திருப்பிக் கேப்பாங்க. நேரா இறங்குவழின்னு போட்டா சின்னப் புள்ளைக்கும் புரியும்.

அப்புறம் இந்த நாலையும் பிரிக்கத்தான் வேணுமான்னு ஒரு சந்தேகம். கரைவழி இருந்தா மத்தது தானா வந்துடாதா?

---

> கரைவழி இருந்தா மத்தது தானா வந்துடாதா?

வராதுங்க ஐயா. பாரீஸ் செயின் ஆத்தோட கரையில ஜனங்க நடந்துக்கிட்டேதான் இருந்தாங்க, ஆனா 1923ல இருந்து குளிக்கத் தடை. ஒலிம்பிக்குக்காகத் தண்ணியச் சுத்தம் பண்ணின பிறகு, 2025 ஜூலையிலதான் மூணு இடத்துல பொதுமக்கள் நீந்தலாம்னு திறந்துவிட்டாங்க. நூறு வருஷத்துக்கு மேல கரைவழி இருந்துச்சு, நீர்க்காட்சி தாராளமா இருந்துச்சு, நீரிறங்கல் இல்ல. அங்க தடையா நின்னது கட்டடமே இல்ல, சாக்கடை. கட்டடக்கலைஞர் எவ்ளோ அழகா படி கட்டினாலும் கழிவுநீர்ப் பொறியாளர் கை வைக்காம அந்த நாலாவது சொல்லுக்கு வேலையே கிடையாது.

கோபன்ஹேகன்ல இது இன்னும் நல்லாத் தெரியும். அங்க துறைமுகத்துத் தண்ணிக்கு ஒரு பக்கம் கால்வெபோ பிரிக்கே, எதிர்ப்பக்கம் இஸ்லண்ட்ஸ் பிரிக்கே. கால்வெபோ பக்கம் ஆபீஸ், ஹோட்டல்னு பெரிய பெரிய கட்டடமா நீர்முகப்புல வரிசையா நிறுத்தினாங்க, முன்னாடி நடக்க இடமும் இருந்துச்சு, ஆனா அங்க நிக்கணும்னு யாருக்கும் தோணல, ஊர்ல அதுக்கு நல்ல பேரும் இல்ல. எதிர்ப்பக்கம் 2002ல, துறைமுகத்துக்குள்ள சாக்கடை வழியுறதக் குறைச்ச பிறகு, ஒரு மிதக்குற குளியல் துறையத் திறந்தாங்க, வெயில் காலத்துல அங்க நிக்க இடமிருக்காது. கடைசில கால்வெபோ பக்கமும் 2013ல தண்ணி மேலயே மரப்பலகையில அலை மாதிரி வளைஞ்ச ஒரு நடைமேடையக் கட்டினாங்க, பின்னாடி கட்டடங்களோட நிழல் விழாத தூரத்துக்குத் தள்ளி. ஒரே தண்ணி, ரெண்டு கரை, ஆக்சஸ்னு படிவத்துல கேட்டிருந்தா ரெண்டு கரைக்கும் ஆமான்னுதான் விழுந்திருக்கும்.

ஆஸ்லோ ஓபரா ஹவுஸ் இன்னொரு மாதிரி. 2008ல திறந்தது, கூரையே சரிவா இறங்கித் தண்ணியத் தொடும், டிக்கெட் எடுக்காதவங்களும் அது மேல ஏறி நடக்கலாம். அங்க நீர்முகப்பே இறங்குவழியா ஆகிடுச்சு. ஆனா அதுக்குப் பின்னாடியே பார்கோடுன்னு பேர் வாங்கின உயரக் கட்டட வரிசைக்கு ஊருக்குள்ள பெரிய எதிர்ப்பு, ஊருக்கும் ஃபியோர்டுக்கும் (மலை நடுவுல உள்ள நீண்டு வர்ற கடல்) நடுவுல சுவரு எழுப்புறீங்கன்னு. பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு நீர்முகப்ப ஜனங்க ரெண்டு விதமாப் பாக்குறாங்க, ஒண்ணுல ஏற முடியுது, இன்னொண்ணு மறைக்குது.

இறங்குவழி நல்ல சொல், ஒத்துக்குறேன். துறைவழிய விட மனசு வரல, இருந்தாலும் வருவாய்த்துறையோட மோத என்னால முடியாது.

---

அக்கா சொல்றதுல எனக்கு ஒரு விஷயம் இடிக்குது. மக்கள் கருத்துன்னா எப்பவும் கரையத் திறந்து விடுங்கம்பாங்கன்னு ஒரு நினைப்பு இந்த மடல்கள்ல ஓடுது. அப்படி இல்ல. சூரிச் மாநிலத்துல ஏரி, ஆத்துக் கரைகள்ல பொதுப்பாதை வேணும்னு வந்த முன்மொழிவ 2024ல ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தோற்கடிச்சாங்க. சான் ஃப்ரான்சிஸ்கோவுல கரைய மறைச்சு ரெண்டடுக்கா ஓடின எம்பார்காடெரோ ஃப்ரீவேய இடிக்கலாமான்னு 1986ல கேட்டப்ப வேணாம்னுதான் ஓட்டு விழுந்துச்சு, வண்டி போறதுக்கு வழி போயிடும்னு பயம். 1989ல பூகம்பம் வந்து அது சேதமாச்சு, 1991ல இடிச்சாங்க. கரை கண்ணுல பட்டுப் பழகின அதே ஊரு 2013ல கரை ஓரம் உயரமா வர இருந்த ஒரு குடியிருப்புத் திட்டத்த ஓட்டுல தள்ளிவிட்டுச்சு, 2014ல கரையில உயர வரம்பத் தாண்டணும்னா எங்ககிட்ட ஓட்டுக் கேக்கணும்னு சட்டமே போட்டுக்கிச்சு. அப்ப மக்கள் கருத்துங்கிறது அவங்க ஏற்கனவே எதப் பாத்திருக்காங்கங்கிறதப் பொறுத்தது. பாக்காத கரையப் பத்திப் படிவத்துல கேட்டா பார்க்கிங் பத்தித்தான் பதில் வரும்.

பெர்லின்ல கேள்வியத் தெளிவாக் கேட்டாங்க. 2008ல ஸ்ப்ரே ஆத்து ஓரம் வர இருந்த மீடியாஸ்ப்ரேங்கிற திட்டத்தோட கட்டடங்களுக்கு எதிரா ஃப்ரீட்ரிக்ஸ்ஹைன்-க்ராய்ட்ஸ்பெர்க் பகுதியில வாக்கெடுப்பு, புதுக் கட்டடம் கரையில இருந்து 50 மீட்டர் தள்ளித்தான் வரணும்னு. 87 சதவீதம் ஆமா. அது யாரையும் கட்டுப்படுத்தலங்கிறது வேற கதை. ஆனா ஆக்சஸ் வேணுமான்னு கேக்காம இத்தன மீட்டர்னு கேட்டதால என்ன பதில் வந்துச்சுன்னு எல்லாருக்கும் புரிஞ்சுது. அந்த 50 மீட்டருக்கும் நமக்கு ஒரு சொல் வேணும். கரைவிடுப்புன்னு ஒண்ணு தோணுது, கட்டாம விட்டது.

---

கரைவிடுப்பு பிரமாதம், லீவு லெட்டர் மாதிரி இருக்குன்னு யாராவது சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். கரைவிடுநிலம்னா லீவு போயிடும்.

கடல் பக்கம் போனா இன்னும் ஒண்ணு சேக்கணும். கரைன்னு எல்லாரும் சொல்றீங்க, எந்தக் கரை? ஏத்தத்துல தண்ணி நிக்கிற கோடா, வத்துல நிக்கிற கோடா? மாசசூசெட்ஸ்ல 1640கள்ல போட்ட ஒரு காலனிச் சட்டத்தால தனியார் நிலம் வத்துக் கோடு வரைக்கும் போகுது, ஆனா நடுவுல இருக்கிற அந்த ஈர நிலத்துல மீன் பிடிக்கவும் பறவை வேட்டையாடவும் படகு ஓட்டவும் பொது ஜனங்களுக்கு உரிமை உண்டு. சும்மா காத்து வாங்க உலாத்துறது அந்தப் பட்டியல்ல இல்ல! வேற பல இடத்துல தனியார் நிலம் ஏத்தக் கோட்டோட நின்னுடும். அதனால கடலோரப் படிவத்துல கரைவழின்னு கேட்டா எந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்னு சொல்லாம முடியாது. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கிற அந்த ஈர நிலத்துக்கு, அதாவது ஃபோர்ஷோருக்கு, ஓதநிலம்னு வைக்கலாம், ஓதம்னா ஏத்தவத்தம்தான, ஏத்தக் கோட்டுக்கு 'மேல் ஓதவரம்பு', வத்துக் கோட்டுக்கு 'கீழ் ஓதவரம்பு'.

---

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இப்போதைக்கு நீர்முகப்பு, நீர்க்காட்சி, கரைவழி, இறங்குவழி, நீரிறங்கல், கரைவிடுநிலம், கடல் பக்கம் மட்டும் ஓதநிலம்னு எடுத்துக்குறேன். ஆக்சஸ்னு பொதுவா வர்ற இடத்துல ஒரு சொல் போடாம கேள்வியவே உடைக்கிறேன்: உங்கள் வழக்கமான பாதையிலிருந்து தண்ணீர் தெரிகிறதா, கரைவழியில் தடையில்லாமல் நடக்க முடிகிறதா, பக்கத்து இறங்குவழிக்கு எவ்வளவு நேரம் நடக்கணும், அங்க இறங்கலாமா. மூலத்துல ஒரு கேள்வி, நம்மகிட்ட நாலு, அனுப்புனவங்க திட்டுவாங்கன்னு நினைக்கிறேன், ஆனா பதில் எண்ணும்போது அவங்களுக்குத்தான் லாபம்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. சக்கர நாற்காலியில வர்றவங்களுக்கு இறங்குவழின்னா சரிவா, படியான்னு அந்தச் சொல்லுல தெரியல. படி மட்டும் இருக்கிறத படித்துறைன்னும் சரிவு இருக்கிறத மட்டும் இறங்குவழின்னும் பிரிச்சு வச்சுக்கலாமா? நாளைக்குள்ள சொன்னீங்கன்னா சேத்துடுவேன்.

---

பிரிங்க தம்பி. அப்படியாவது துறை உள்ள வந்துச்சே.